நைட்ரைட் ரிடக்டேஸ் பச்சையாக இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை. உதவுங்கள்

கோவை_லேப்: அவசரம்ங்க, திங்கட்கிழமை கைடிடம் ரிசல்ட் காட்டியாக வேண்டும். நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றும் தாமிர என்சைமான நைட்ரைட் ரிடக்டேஸை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து நிக்கல் காலமில் (column) சுத்தம் செய்தாயிற்று. அருமையான பச்சை நிறம். ஆனால் நைட்ரைட் இருந்தால் பிங்க் காட்டும் கிரீஸ் (Griess) சோதனையில் என்சைம் போட்ட குழாயிலும் போடாத குழாயிலும் ஒரே பிங்க், நைட்ரைட் குறையவே இல்லை. என்ன செய்வது?

ஈரோட்டுக்காரன்: ஏனுங்க, எலக்ட்ரான் எதிலிருந்து கொடுக்கிறீர்கள்? பிஎச் எவ்வளவு? பஃபர் என்ன?

கோவை_லேப்: எலக்ட்ரான் கொடுக்க டைத்தயோனைட், அதை என்சைமுக்குக் கடத்த மெத்தில் வயலஜன். பஃபர் பாஸ்பேட், பிஎச் 7. எல்லோரும் போடுவதுதான்.

காற்றுப்பகை: சந்தேகமே வேண்டாம், ஆக்சிஜன். வயலஜனின் நீலம் வெளிறுகிறதா பாருங்கள். என்சைமுக்குப் போக வேண்டிய எலக்ட்ரானை ஆக்சிஜன்தான் பிடுங்கிக்கொள்ளும். அதை விரட்ட நைட்ரஜன் ஓட்டினீர்களா?

திருப்பூர்_சாயப்பட்டறை: டைத்தயோனைட்னா எங்க ஹைட்ரோஸ்தானே கண்ணு? டிரம்மைச் சரியா மூடாம வெச்சு ஈரக்காத்து பட்டுட்டா பவர் போயிரும், வாட் சாயம் துணியில ஏறாது. புது டப்பா உடைச்சுப் பாருங்க.

மூத்தவர்: அடிப்படையைப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. இந்த என்சைமில் டைப் 1, டைப் 2 என்று இரண்டு வகைத் தாமிரம் உண்டு; பச்சை நிறம் டைப் 1 தாமிரத்துடையது. அது எலக்ட்ரானை வாங்கி, அடுத்தடுத்து நிற்கும் சிஸ்டீன், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் வழியாகச் சுமார் 12.5 ஆங்ஸ்ட்ராம் தள்ளியிருக்கும் டைப் 2 தாமிரத்துக்கு அனுப்புகிறது. நைட்ரைட் ஒட்டுவதும் நைட்ரிக் ஆக்சைடு ஆவதும் அங்கேதான். டைப் 2-ஐப் பிடித்திருப்பவை மூன்று ஹிஸ்டிடின்கள், அதில் ஒன்று பக்கத்துத் துணையலகு கொடுப்பது. அந்தத் தாமிரம் கழன்றாலும் புரதம் பச்சையாகவே நிற்கும். உலோகத்தைப் பிடித்து இழுக்கும் இடிடிஏ எங்காவது போட்டீர்களா?

கோவை_லேப்: டயாலிசிஸில் (சவ்வுப் பையில் வைத்து பஃபர் மாற்றும்போது) போட்டேன், காலமிலிருந்து ஒழுகின நிக்கலை எடுக்க. ஏன்?

ஈரோட்டுக்காரன்: அதை முதல்லயே சொல்லியிருக்கலாம் இல்லைங்களா.

பெருந்துறை_அக்கா: தம்பி, ட்ரிஸ் பஃபரில் கொஞ்சமாகக் காப்பர் சல்பேட் சேர்த்து ராத்திரி முழுக்க டயாலிசிஸ் வையுங்கள். பாஸ்பேட் வேண்டாம், தாமிரம் வீழ்படிவாகிவிடும். அப்புறம் தாமிரம் இல்லாத பஃபருக்கு மாற்றி மிச்சத்தைக் கழியுங்கள். அளக்கும்போது பிஎச்சை 6 பக்கம் இறக்குங்கள், ஒரு நைட்ரைட்டுக்கு ஒரு எலக்ட்ரானோடு இரண்டு புரோட்டானும் வேண்டும். கிரீஸ் மருந்து ஊற்றும் முன் நீலம் மறையும்வரை வோர்டெக்ஸில் குலுக்க மறக்காதீர்கள், மிச்ச டைத்தயோனைட் பிங்க்கைக் கெடுக்கும்.

மூத்தவர்: முதலில் நைட்ரைட் ஒட்ட வேண்டும், பிறகுதான் எலக்ட்ரான் நகரும். அந்த வரிசையையும் சொல்லிக்கொடுங்கள்.

பெருந்துறை_அக்கா: ஒரே வரிசை என்று யார் சொன்னது? ஆக்சிஜனேற்ற நிலைப் படிகத்தில் நைட்ரைட் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு அதுவே சட்டம் என்கிறீர்கள். கரைசலில் பிஎச்சையும் நைட்ரைட் அளவையும் பொறுத்து இரண்டு வழியிலும் போகும்.

மூத்தவர்: இரண்டும் நடக்கலாம் என்பதும் எது பிரதானம் என்பதும் ஒன்றல்ல.

ஈரோட்டுக்காரன்: நீங்க ரெண்டு பேரும் தனி இழை போட்டுக்குங்க, தம்பி பொழப்பைப் பார்க்கட்டும்.

கோவை_லேப்: தாமிரம் ஏற்றினேன், பிங்க் குறைகிறது. நன்றிங்க அக்கா.

காற்றுப்பகை: நைட்ரஜன் ஓட்டினீர்களா இல்லையா?