ஒன்றியத்தில் நீடிக்கணுமா? பட்டிமன்றத்துக்குக் குறிப்பு வேணும்

நாகர்கோவில் மாணவன்:
அண்ணன்மாரே, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனது சரியா என்பது தலைப்பு. நான் 'போயிருக்கக் கூடாது' அணி. 'நம்ம சட்டம் நம்ம கையில்' என்பதை எப்படி மடக்க?

தக்கலை:
அதை மறுக்காதீங்க தம்பி, நியாயமான வாதம். போன வழியைப் பிடிங்க. லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50ஆம் பிரிவுப்படி அறிவிப்பு கொடுத்தா 2 வருஷக் கெடு. நீட்டிக்க மற்ற நாடுகள் எல்லாம் ஒருமனதா சம்மதிக்கணும். 2017 மார்ச் 29-ல் அறிவிப்பைக் கொடுத்துட்டு, எப்படிப் போகணும்னு உள்ளுக்குள்ளேயே மல்லுக்கட்டினாங்க. கெடு 3 தடவை நீண்டு, 2020 ஜனவரி 31-ல் வெளியேறினாங்க.

பெரிய முடிச்சு வட அயர்லாந்து. அது பிரிட்டனோட பகுதி, ஆனா ஒன்றியத்தில் இருக்கிற அயர்லாந்து நாட்டோடு நில எல்லை. 1998 அமைதி உடன்பாட்டுக்குப் பிறகு அந்த நில எல்லையில் மறுபடி செக்போஸ்ட் போட யாரும் துணியல. அதனால சரக்குச் சோதனை கடல்பக்கம் நகர்ந்து, பிரிட்டனின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் நடுவில் வந்தது. கேரள எல்லையான களியக்காவிளையில் தடுக்க முடியாத லாரியை, தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிற தோவாளையில் நிறுத்துற மாதிரி. இதை அழுத்திச் சொல்லுங்க.

குளச்சல்:
எதிரணி டென்மார்க்கின் பகுதியான கிரீன்லாந்தை எடுக்கும். 1982 வாக்கெடுப்பு, 1985-ல் ஒன்றியத்தின் முன்னோடி அமைப்பிலிருந்து விலகல், மீன்பிடி உரிமைதான் முக்கியக் காரணம். விலகின பிறகும் ஐரோப்பியப் படகுகளுக்கு அனுமதி கொடுத்து, பதிலுக்குப் பணமும் மீனுக்கு வரியில்லாச் சந்தையும் வாங்கினாங்க. இதைத் தயாரா வச்சிருங்க.

குழித்துறை:
நம்ம ஊர் உதாரணமும் சேருங்க. 1956 நவம்பர் 1-ல் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோடு (அப்போ சென்னை மாநிலம்) இணைஞ்சது சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நெய்யாறு அணை கேரளத்தில், இடதுகரை வாய்க்காலின் கடைமடை நம்ம மாவட்ட விளவங்கோட்டில். 2004-ல் தண்ணி நின்னு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. எல்லை மாறினா முதலில் எழுதி வாங்க வேண்டியது தண்ணீர்ப் பங்கு.