டோர் உலாவி: செல்பேசி வலையில் இணைகிறது, விடுதி வலையில் பிரிட்ஜ் கொடுத்தும் இணையவில்லை

மருதாணி:

வணக்கம். நான் இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. தடைசெய்யப்பட்ட செய்தித் தளங்கள் தம் வாசகர்களை எவ்வழியாகச் சென்றடைகின்றன என்பது என் ஆய்வேட்டின் பொருள் என்பதால், துறைத்தலைவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, பல சேவையகங்கள் வழியாகச் சுற்றிச் சென்று பயனரின் தடத்தை மறைக்கும் டோர் உலாவியைப் பயன்படுத்துகிறேன். மூன்று வாரங்களாக ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

விடுதி வைஃபையில் நேரடியாக இணைக்க முயன்றால், இணைப்பு 5 விழுக்காட்டிலேயே நின்றுவிடுகிறது. விடுதி வலையில் 80, 443 ஆகிய இரண்டு போர்ட்கள் (இணையத் தளங்களுக்கான வாயில்கள்) மட்டுமே திறந்திருக்கின்றன என்று வலை நிர்வாகி சொன்னதால், இது எதிர்பார்த்ததுதான். ஆகவே, 443 போர்ட்டில் இயங்கும் ஒப்ஃப்ஸ்4 வகை பிரிட்ஜ் (பொதுப் பட்டியலில் இல்லாத, டோருக்குள் நுழைய உதவும் சேவையகம்) ஒன்றைப் பெற்று உலாவியில் சேர்த்தேன். அதுவும் 10 விழுக்காட்டைத் தாண்டவில்லை. ஸ்னோஃபிளேக் என்ற மற்றொரு வகை பிரிட்ஜையும் முயன்றேன், அதுவும் ஆகவில்லை. ஆனால் என் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்தால், பிரிட்ஜ் எதுவும் இல்லாமலேயே, ஒரு நிமிடத்துக்குள் 100 விழுக்காட்டை எட்டிவிடுகிறது.

விண்டோஸ் 11, டோர் உலாவியின் அண்மைப் பதிப்பு. இரண்டு முறை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவியாயிற்று. பிரிட்ஜ் வரியையும் பதிவையும் கீழே தருகிறேன்.

[பிரிட்ஜ் வரி நீக்கப்பட்டது]

தெற்குவாசல்:

முதலில் ஒரு வேண்டுகோள். உங்கள் இடுகையின் இறுதியில் பிரிட்ஜ் வரியை முழுமையாக ஒட்டியிருந்தீர்கள். அதை நீக்கச் சொல்லி நீக்கியாயிற்று. அந்த வரியில் அந்தச் சேவையகத்தின் ஐபி முகவரியும், அதனோடு பேசுவதற்குத் தேவையான சாவியும் இருக்கின்றன. பொதுவெளியில் யாரும் பார்க்கும்படி கிடந்தால், தடை செய்ய விரும்புவோர் அதை எடுத்துத் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். அதே பிரிட்ஜை நம்பியிருக்கும் வேறு சிலருக்கும் அத்தோடு கதவு அடைபட்டுவிடும். பதிவை ஒட்டும்போதும் முகவரிகளை அழித்துவிட்டு ஒட்டுங்கள்.

உங்கள் சிக்கலைப் பொறுத்தவரை, விடுதி வலைதான் காரணம் என்று தோன்றுகிறது. செல்பேசி வலையில் வேலை செய்கிறது, விடுதியில் செய்யவில்லை என்றால் வேறென்ன இருக்க முடியும்? ஒரு விபிஎன்னைப் போட்டுவிட்டு அதன்மேல் டோரை இயக்கிப் பாருங்கள்.

கருவேலம்:

விபிஎன் யோசனையை நான் ஏற்கமாட்டேன். நீங்கள் டோரைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை விடுதி வலைக்குப் பதிலாகப் பெயர் தெரியாத ஒரு நிறுவனம் பார்ப்பதாகவே அது முடியும். டோர் திட்டத்தாரும் பொதுவான பயனருக்கு இந்தச் சேர்க்கையைப் பரிந்துரைப்பதில்லை. அதோடு, சிக்கல் எங்கே இருக்கிறது என்பதையே அது மூடி மறைத்துவிடும்.

"வேறென்ன இருக்க முடியும்" என்று தெற்குவாசல் கேட்டதற்கு விடை அவருடைய ஒப்பீட்டிலேயே இருக்கிறது. விடுதியில் முயன்றது பிரிட்ஜோடு. செல்பேசியில் முயன்றது பிரிட்ஜ் இல்லாமல். வலையும் மாறியிருக்கிறது, இணையும் முறையும் மாறியிருக்கிறது. இரண்டு மாறியிருக்கும்போது ஒன்றின்மேல் மட்டும் பழி போடுவது சரியாகாது. ஆகவே மருதாணி, இரண்டு சோதனைகளைச் செய்து சொல்லுங்கள். ஒன்று, செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் இருந்துகொண்டே அதே பிரிட்ஜ் வழியாக இணைந்து பாருங்கள். மற்றொன்று, விடுதியில் தோழி யாரிடமாவது மடிக்கணினி இருந்தால், அதில் அதே வைஃபையில் அதே பிரிட்ஜைக் கொடுத்துப் பாருங்கள்.

ஸ்னோஃபிளேக் விடுதியில் ஓடாததை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிடலாம். அது தன்னார்வலர்களின் உலாவிகளோடு, உலாவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வெப்ஆர்டிசி முறையில் பேசுகிறது. அந்தப் பேச்சு யூடிபி என்ற தரவு அனுப்பும் முறை வழியாக நடப்பது. 80, 443 மட்டும் திறந்து வைத்திருக்கும் வலைகளில் யூடிபி பெரும்பாலும் அடைபட்டே இருக்கும். அது தனி நோய்.

மருதாணி:

இரண்டையும் செய்து பார்த்தேன். முடிவு எனக்கு வியப்பாக இருந்தது.

செல்பேசி ஹாட்ஸ்பாட்டில் அந்த பிரிட்ஜைக் கொடுத்தால் என் மடிக்கணினியில் இணையவில்லை. விடுதி வைஃபையில், என் அறைத்தோழியின் மடிக்கணினியில், அதே பிரிட்ஜ் முதல் முயற்சியிலேயே இணைந்துவிட்டது. அப்படியானால் பழுது என் கணினியிலா இருக்கிறது? ஆனால் பிரிட்ஜ் இல்லாமல் இணையும் அதே கணினி பிரிட்ஜோடு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்திவிட்டும் பார்த்தேன், மாற்றமில்லை.

கருவேலம்:

வைரஸ் தடுப்பை உடனே மீண்டும் இயக்கிவிடுங்கள்.

இனி ஒரே ஒரு காரியம். ஹாட்ஸ்பாட்டில், பிரிட்ஜ் இல்லாமல், வெற்றிகரமாக இணைந்த முயற்சியின் பதிவைப் பாருங்கள். உலாவியின் அமைப்புகளில் இணைப்பு என்ற பகுதிக்குப் போனால், அதன் அடியில் டோர் பதிவுகளைப் பார்ப்பதற்கான பொத்தான் இருக்கும். தோற்ற முயற்சியின் பதிவை எல்லோரும் படிப்பார்கள். வென்ற முயற்சியின் பதிவை ஒருவரும் திறப்பதில்லை. அதில் எச்சரிக்கை என்று தொடங்கும் வரி ஏதேனும் இருந்தால், முகவரிகளை அழித்துவிட்டு அதன் பொருளை இங்கே எழுதுங்கள்.

மருதாணி:

ஒரு வரி இருக்கிறது. உங்கள் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் முந்தியிருப்பதுபோல் தெரிகிறது, டோர் இயங்குவதற்குச் சரியான கடிகாரம் தேவை, நேரத்தையும் நேர மண்டலத்தையும் தேதியையும் சரிபார்க்கவும் என்ற பொருளில் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் என் கணினியின் கடிகாரமும் சுவர்க் கடிகாரமும் செல்பேசியும் ஒரே நேரத்தைத்தான் காட்டுகின்றன. அதனால் இது பொருட்படுத்தத் தக்கதல்ல என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாம்ஜாமம்:

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். ஐந்தரை மணி என்ற எண்ணைக் கண்டதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும், உலகப் பொது நேரமான யூடிசிக்கும் இடையிலான வித்தியாசம் மிகச் சரியாக அதுதான். உங்கள் விண்டோஸின் நேர மண்டலம் யூடிசி என்று இருக்கிறதா என்று பாருங்கள். அண்மையில் யாராவது விண்டோஸை மறுபடி நிறுவித் தந்தார்களா?

திரையின் மூலையில் காலை 10 மணி என்று சரியாகத் தெரியும்படி யாரோ கையால் நேரத்தை நகர்த்தி வைத்திருக்க வேண்டும். மண்டலம் யூடிசி என்று இருப்பதால், உலகப் பொது நேரமே 10 மணி என்று கணினி நம்புகிறது. உண்மையில் அப்போது யூடிசி நேரம் 4.30தான். முகம் சரியாக இருக்கிறது, உள்ளே ஐந்தரை மணி நேரம் பிசகியிருக்கிறது.

மருதாணி:

ஆம், நேர மண்டலம் யூடிசி என்றே இருக்கிறது! கடந்த மாதம் வன்தட்டு பழுதானபோது ஒரு கடையில் கொடுத்து மாற்றினேன். திரும்ப வாங்கியபோது நேரம் தவறாக இருந்தது. தானாக நேரம் அமைவதை நிறுத்திவிட்டு நானே கையால் திருத்தினேன். பிழையைச் செய்தது நான்தான்.

ஆனாலும் எனக்கு விளங்காதது ஒன்று உண்டு. கடிகாரம் இவ்வளவு பிசகியிருந்தும் வங்கித் தளம் முதல் மின்னஞ்சல் வரை மற்றவையெல்லாம் எப்படி இயங்கின? பிரிட்ஜ் இல்லாத டோர்கூட இயங்கியதே?

கருவேலம்:

மூன்றாம்ஜாமத்துக்கு நன்றி, நானும் அங்கேதான் வந்துகொண்டிருந்தேன். உங்கள் கேள்வி நல்ல கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சாதாரணத் தளங்கள், டோர், ஒப்ஃப்ஸ்4 ஆகிய இந்த மூன்றும் கடிகாரத்தைப் பார்க்கும் கண் வேறு வேறு.

சாதாரணத் தளங்கள் காட்டும் சான்றிதழ்கள் மாதக்கணக்கில் செல்லுபடியாகும். இன்றைய தேதி அந்த வரம்புக்குள் விழுகிறதா என்பதை மட்டுமே உலாவி பார்க்கிறது. ஐந்தரை மணி நேரப் பிசகு அங்கே உறைக்காது.

டோர் வலையமைப்பு இதைவிடக் கண்டிப்பானது. அதன் அடைவுச் சேவையகங்கள் ஒவ்வொரு மணி நேரமும் கூடி வாக்களித்து, இப்போது இயங்கும் ரிலேக்கள் (போக்குவரத்தைக் கைமாற்றும் சேவையகங்கள்) இவை என்று ஒரு பட்டியலை வெளியிடுகின்றன. அதன் ஆயுள் 3 மணி நேரம். உங்கள் கணினியின் கணக்குப்படி, கையில் கிடைத்த புத்தம்புதுப் பட்டியலே காலாவதியானதாகத் தெரியும். முன்பு இப்படியானால் டோர் அங்கேயே நின்றுவிடும். இப்போதைய பதிப்புகள் சற்றுப் பழைய பட்டியலையும் பொறுத்துக்கொள்கின்றன. அதனால்தான் எச்சரிக்கையை எழுதிவிட்டு உங்களை உள்ளே விட்டது.

ஒப்ஃப்ஸ்4 அப்படிப் பொறுப்பதில்லை, அதற்குத் தக்க காரணமும் உண்டு. சீனாவின் இணையத் தடுப்புச்சுவர் ஒரு சேவையகத்தின் மேல் ஐயம் கொண்டால், தானே ஒரு பயனரைப்போல் வேடமிட்டு அதன் கதவைத் தட்டிப் பார்க்கும். டோர் மொழியில் பதில் வந்தால் அந்த முகவரியை முடக்கிவிடும். இதைச் சமாளிக்கவே, சாவி தெரியாதவர் தட்டினால் ஒப்ஃப்ஸ்4 பிரிட்ஜ் வாயே திறக்காது. தவறு என்றோ போ என்றோகூடச் சொல்லாது. வருவதை விழுங்கிக்கொண்டிருந்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் தொடர்பைத் துண்டித்துவிடும். சாவி தெரிந்தவர் முன்பு தட்டிய ஓசையைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு பிறகு அதையே ஒலிக்கவிட்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் முதல் கைகுலுக்கலில் மணியின் எண்ணும் கலக்கப்படுகிறது. 1970 சனவரி 1 நள்ளிரவு தொடங்கி எத்தனை மணி நேரம் கடந்திருக்கிறது என்ற எண் அது. இப்போது ஏறத்தாழ 4 லட்சத்து 90 ஆயிரத்தை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பிரிட்ஜ் தன் கணக்கில் உள்ள மணியையும், அதற்கு முந்தைய மணியையும், அடுத்த மணியையும் மட்டுமே ஏற்கும். நீங்கள் ஐந்தாறு மணி தள்ளி நின்று தட்டியிருக்கிறீர்கள். பிரிட்ஜின் கண்ணுக்கு நீங்களும் அந்த வேடதாரியும் ஒன்றுதான். அதனால்தான் பிழைச்செய்திகூட வராமல் வெறும் மௌனம் மட்டுமே கிடைத்தது.

திருத்துவதற்கு, விண்டோஸ் அமைப்புகளில் நேரமும் மொழியும் என்ற பகுதிக்குச் சென்று, மண்டலத்தைச் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்று குறிப்பிட்ட வரிக்கு மாற்றுங்கள். மாற்றியவுடன் திரையில் நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னோக்கித் தாவும். பதறாதீர்கள், கையால் மறுபடியும் நகர்த்தாதீர்கள். தானாக நேரம் அமைவதை இயக்கிவிட்டு, உடனே ஒத்திசைக்கும் பொத்தானை அழுத்துங்கள்.

மருதாணி:

நீங்கள் சொன்னபடி மண்டலத்தை மாற்றினேன், நேரமும் தாவியது. ஆனால் விடுதி வைஃபையில் ஒத்திசைக்கும் பொத்தானை அழுத்தினால் தோல்வி என்றே வருகிறது.

கருவேலம்:

அதுவும் யூடிபிதான், நேர ஒத்திசைவு 123ஆம் போர்ட்டில் நடப்பது. ஸ்னோஃபிளேக்கைத் தடுத்த அதே பூட்டு இதையும் தடுக்கிறது. ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி ஒருமுறை ஒத்திசைத்துவிட்டுத் திரும்புங்கள். வலை நிர்வாகியிடம் 123ஐத் திறக்கச் சொல்லியும் கேட்கலாம். சரியான கடிகாரம் விடுதியில் எல்லோருக்கும் தேவையானது என்பதால் மறுக்க மாட்டார்.

மூன்றாம்ஜாமம்:

இனி ஒருவேளை ஒப்ஃப்ஸ்4 முகவரி எதுவும் கிடைக்காத நாள் வந்தால், வெப்டனல் வகை பிரிட்ஜையும் நினைவில் வைத்திருங்கள். 2024 மார்ச்சில் டோர் திட்டம் அறிவித்தது அது. சாதாரண எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் போலவே தோற்றமளிப்பதால், 443 மட்டும் திறந்திருக்கும் வலைக்கு மிகவும் ஏற்றது.

மருதாணி:

ஹாட்ஸ்பாட்டில் ஒத்திசைத்துவிட்டு விடுதி வைஃபைக்குத் திரும்பினேன். புதிதாகப் பெற்ற ஒப்ஃப்ஸ்4 பிரிட்ஜில் 100 விழுக்காடு. அரை நிமிடம்கூட ஆகவில்லை. பழைய பிரிட்ஜின் முகவரியை நானே பொதுவில் போட்டுவிட்டதால், அதை இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

தொந்தரவுக்கு மன்னிக்கவும், இன்னொன்று. 2019 அக்டோபரில் பிபிசி தன் செய்தித் தளத்துக்கு, டோர் வழியாக மட்டுமே திறக்கும் ஆனியன் முகவரி தொடங்கியபோது வெளிவந்த கட்டுரையிலிருந்து அந்த முகவரியைக் குறித்து வைத்திருந்தேன். அது மட்டும் திறக்கவில்லை. முகவரி செல்லாது என்பதுபோல் வருகிறது. இதுவும் கடிகாரமா?

தெற்குவாசல்:

இதற்காவது நான் சரியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனியன் என்ற சொல்லுக்கு முன்னால் எத்தனை எழுத்துகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 16 என்றால் அது இரண்டாம் தலைமுறை முகவரி. 2021 நவம்பரில் வந்த டோர் உலாவியின் 11ஆம் பதிப்போடு அவ்வகை முகவரிகள் வேலை செய்வது நின்றுவிட்டது. இப்போதுள்ளவை 56 எழுத்துகள் கொண்டவை. பிபிசியும் அப்படியொரு புதிய முகவரிக்கு மாறிவிட்டது. அதை அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், வேறு எங்கும் கண்டதை நம்பி ஒட்டாதீர்கள்.

மருதாணி:

எண்ணினேன். பதினாறு.