வாட்ஸ்அப் குழு: பவானிச் சொந்தங்கள்

நிவேதா: எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தைப் பற்றி இரண்டு பக்கக் கையேடு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. சுற்றிப் பார்க்க வருபவருக்கும் தொழில் தொடங்க வருபவருக்கும் சேர்த்து ஒன்றே. முதலில் எதை வைப்பது?

கோபி மாமா: இதிலென்ன யோசனை? கொடிவேரி அணை! ஞாயிற்றுக்கிழமை வந்து பார், தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம். வெள்ளோட்டுப் பறவைகள் சரணாலயத்தையும் சேர்த்துக்கொள். 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலகின் முக்கிய ஈரநிலங்களின் வரிசையில், ஏறிவிட்டது.

நிவேதா: பவானியும் காவிரியும் சேரும் கூடுதுறை?

அப்புச்சி: ஆடி அமாவாசைக்குக் கூடுதுறைக்கு வருகிறவர்களை யார் கண்ணு பத்திரிகை வைத்து அழைத்தார்கள்? கொடுமணலை எழுது. சென்னிமலைக்குப் பக்கம், நொய்யல் கரை. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். கல்மணி செய்த தடயமும் இரும்பு உருக்கிய உலையும் அங்கே தோண்டி எடுத்தார்கள். நமக்குத் தொழில் புதிதா என்ன?

திருப்பூர் அண்ணன்: அப்புச்சி, பணம் போட வருகிறவர் அன்று என்ன விற்றோம் என்று கேட்க மாட்டார். கழிவுநீர் எங்கே போகிறது என்றுதான் கேட்பார். அதே நொய்யலில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர்தானே தேங்கியது? 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் வழிக்கு வந்தோம். அதை எழுது நிவேதா.

நிவேதா: எழுதினால் என் வேலை போய்விடும் அண்ணா.

திருப்பூர் அண்ணன்: என்னிடம் பனியன் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர் முதலில் சுத்திகரிப்புச் சான்றைத்தான் கேட்கிறார். விலையெல்லாம் பிறகுதான்.

கோபி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பவானி சித்தி: பவானியில் பிறந்துவிட்டு ஜமக்காளத்தை ஒருவரும் சொல்லவில்லையே!

நிவேதா: புவிசார் குறியீடு பெற்றது என்று ஒரு வரி போட்டிருக்கிறேன் சித்தி, மஞ்சளோடு சேர்த்து.

பவானி சித்தி: ஒரு வரியா? வருகிறவரைத் தறிக்குழியில் இறங்கி உட்காரச் சொல். ஒரு காலால் மிதித்து, ஊடை நூல் சுற்றிய நாடாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளி, நூலை நெருக்கும் அச்சை இழுத்து அடித்து நாலு விரற்கடை நெய்யட்டும். இடுப்பு வலிக்கும். அப்புறம் விலை பேசட்டும். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய ரகம் இது. போன தையில் ஒரு கடையில் பவானி ஜமக்காளம் என்று சொல்லித் தந்தார்கள். விரித்துப் பார்த்தால் விசைத்தறி. இரண்டே சலவையில் சிவப்புப் பட்டை வெள்ளைப் பட்டையில் இறங்கிவிட்டது.

கோபி மாமா: நன்றாகச் சொன்னாய் அம்மிணி. நம் வீட்டுத் தறிக்குழியை மண் போட்டு மூடி அதன்மேல் ஸ்கூட்டர் நிறுத்துவது யார்?

திருப்பூர் அண்ணன்: 😂😂

பவானி சித்தி: வேறு எங்கே நிறுத்துவது? வாசலில் விட்டால் வெயிலில் இருக்கை வெடிக்கிறது.

அப்புச்சி: மண்ணை அள்ள ஒரு நாள் போதும். அச்சும் நாடாவும் பரணில்தான் கிடக்கின்றன. உன் அம்மா ஒன்றையும் எடைக்குப் போட விடவில்லை.

நிவேதா: அப்புச்சி, சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு வருகிறேன். படம் எடுக்க வேண்டும்.

பவானி சித்தி: வரும்போது ஸ்கூட்டருக்கு ஓர் உறை வாங்கி வா.