லாயத்தில் ஆட்டோமேட்டிக் டிரிங்கர்: வைத்தவர்கள், வைத்துவிட்டுக் கழற்றியவர்கள் சொல்லுங்கள்

அன்னூர்:

கோயம்புத்தூரை அடுத்த அன்னூர் பக்கம் சின்னதாக ஒரு ரைடிங் ஸ்கூல் நடத்துகிறோம். ஒன்பது குதிரைகள். ஆறு மார்வாரி, ஒரு கத்தியவாரி, ரேஸிலிருந்து கழித்துவிட்ட தரோபிரெட் இரண்டு. இன்று வரை பக்கெட்டில்தான் தண்ணீர் காட்டுகிறோம். இந்த வெயிலில் ஒரு குதிரைக்கு 40 லிட்டர் என்று வைத்தால் நாளைக்கு 360 லிட்டர். 15 லிட்டர் பக்கெட்டில் 24 நடை. தூக்குகிறவர் ஒரே ஆள், வயது 61, இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டது. கேட்டால், "ரெண்டு கையிலயும் தூக்குனா பன்னெண்டு நடைதானுங்க" என்கிறார்.

போன மாதம் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு லாயத்தைத் திறந்தபோது எங்கள் குதிரை கருப்பன் காலி பக்கெட்டின் அடியை நக்கிக்கொண்டிருந்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு நிரப்பிய பக்கெட். பக்கத்து ஸ்டால்காரன் தன் பக்கெட்டை உதைத்துக் கவிழ்த்து, அதன் மேலேயே லத்தியும் போட்டு வைத்திருந்தான். தானாகத் தண்ணீர் கொடுக்கும் டிரிங்கர் யோசனை வந்தது அன்றைக்குத்தான்.

மச்சான் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். அவரிடம் மூக்கால் தகட்டை அழுத்தினால் தண்ணீர் வரும் பவுல்கள் இருக்கின்றன. "மாட்டுக்கு ஆகறது குதிரைக்கு ஆகாதா மாப்ள?" என்று ஒன்பது பவுல், பைப், கூலி எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய்க்குக் கணக்கும் போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

பொள்ளாச்சி:

வைத்தேன், கழற்றினேன், மறுபடி வைத்தேன். அதனால் எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறதுங்க.

உங்க மச்சான் சொல்கிற அதே தகடு மாடல்தான் நானும் முதலில் போட்டேன். ஆறு மாதம் ராஜ வாழ்க்கை. ராத்திரி தூக்கம் கெடவில்லை, பக்கெட் கழுவும் வேலை இல்லை. ஏழாவது மாதம் ஒரு காலையில் சிட்டு என்கிற குதிரைக்குக் கொள்ளு வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கீழே லத்தியைப் பார்த்தேன். நாலே நாலு உருண்டை, நெல்லிக்காய் அளவு, மேலே சளி மாதிரி படலம். மேல் உதட்டைச் சுருட்டிக்கொண்டு விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, வயிற்று வலிதான். அப்புறம்தான் பவுலில் கை வைத்துத் தகட்டை அழுத்தினேன். சொட்டுச் சொட்டாகக் கசிந்தது, அவ்வளவுதான். எங்க போர் தண்ணி உப்பு. வால்வு வாயில் வெள்ளையாகக் கட்டி அடைத்திருந்தது. பவுல் அடியில் எச்சிலும் தவிடும் கலந்த கலங்கல் கொஞ்சம் நின்றதால் தூரத்திலிருந்து பார்க்க ஈரமாகத்தான் தெரிந்தது.

எத்தனை நாளாகத் தண்ணீர் சரியாக வரவில்லை என்று டாக்டர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஒரு நாளா, மூன்று நாளா? பக்கெட்டாக இருந்திருந்தால் முதல் நாள் சாயங்காலமே தெரிந்திருக்கும். மூக்கு வழியாக டியூப் விட்டு லிக்விட் பாரஃபினும் தண்ணீரும் இறக்கினார். நடக்க வைத்து, நடக்க வைத்து, ராத்திரி இரண்டு மணிக்கு லத்தி போட்டது. லத்தி வாசனைக்கு ஒரு மனுஷன் கண் கலங்குவான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குதிரைக்குத் தண்ணி காட்டத்தான் வாங்கினேன், அது எனக்குத் தண்ணி காட்டிவிட்டது. கோபத்தில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். மறு வருஷம் வேலைக்கு ஆள் கிடைக்காமல் மறுபடி வைத்தேன். இந்த முறை தண்ணீர் குறைந்தால் தானாகத் திறந்து நிரப்பும் மிதவை வால்வு மாடல். ஒவ்வொரு ஸ்டாலுக்கும் தண்ணீரை அடைக்கத் தனி வால்வு, லைன் கடைசியில் திறந்துவிட ஒரு மூடி. மாதம் ஒரு முறை சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் வால்வை ஊறப்போட்டுக் கழுவுகிறேன். காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் எல்லாப் பவுலிலும் கையை விட்டுப் பார்ப்பது என் வேலை, இன்னொருத்தரிடம் விடுவதில்லை.

உடுமலை:

பொள்ளாச்சி அண்ணன் சொன்னது அடைப்பு. எங்களுக்கு நடந்தது வேறு.

புதுசாக இரும்பு பவுல், ஜி.ஐ. பைப் போட்டோம். முதல் வாரம் நன்றாகக் குடித்த குதிரை திடீரென்று பவுல் பக்கமே போகவில்லை. மூக்கைக் கொண்டுபோகும், சட்டென்று தலையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கும், மூலையில் போய் நின்றுகொள்ளும். பக்கெட்டில் வைத்தால் ஒரே மூச்சில் காலி. அம்மா கண் திருஷ்டி என்று வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். நானும் கண்டித்துச் சொல்லவில்லை, எனக்கே ஒன்றும் புரியாமல்தானே நின்றேன்.

நாலாம் நாள் தரையைக் கழுவிக்கொண்டிருந்த பையன், காலில் செருப்பு இல்லாமல், பவுலைத் தொட்டுவிட்டு "சுருக்குன்னுதுண்ணா" என்றான். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். போர் மோட்டார் கேபிளில் இன்சுலேஷன் போய், எர்த்தும் சரியாக இல்லாமல், பைப் வழியாக லீக்கேஜ் வந்துகொண்டிருந்தது. நாம் ரப்பர் செருப்பில் நிற்பதால் நமக்குத் தெரியவில்லை. அது ஈரத் தரையில் நாலு இரும்பு லாடத்தில் நிற்கிறது.

எர்த் சரி செய்து, லீக்கேஜ் வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மோட்டாருக்குப் போட்டு, லாயத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்டிக் பைப்பும் மாற்றினோம். ஆனாலும் குதிரை அந்தப் பவுலை மூன்று வாரம் நம்பவில்லை. எலுமிச்சம்பழம் இன்னும் தொங்குகிறது.

கிண்டி, பழைய சைஸ்:

நான் கிண்டி ரேஸ் கோர்ஸ்ல இருபத்திரண்டு வருஷம் சைஸ் வேலை, அதான் குதிரையப் பாத்துக்கற வேலை, பாத்தவன். பையன் டைப் பண்றான், நான் சொல்றேன். எங்க காலத்துல மிஷினெல்லாம் கெடையாது. ரெண்டு பக்கெட், ஒரு வாளி. ஆனா என் குதிரை நேத்து எவ்ளோ குடிச்சுது, முந்தாநேத்து எவ்ளோ குடிச்சுதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பக்கெட்டுல விரல் வெச்சுப் பாப்போம், எத்தினி விரக்கடை கொறஞ்சிருக்குன்னு. கொறையலன்னா ட்ரெய்னர் கிட்ட அப்பவே சொல்லிடணும்.

ஏப்ரலுக்கு ஊட்டி சீசனுக்குப் போவோம். இங்க காயற வெயில், அங்க கொழாயில கை வெச்சா விறைக்கும். மொத நாலு நாள் குதிரை ஒழுங்காத் தண்ணி குடிக்காது. சுடுதண்ணி கொஞ்சம் கலந்து வெதுவெதுன்னு வெப்போம், வெல்லம் ஒரு துண்டு போடுவோம். பவுல்ல வெல்லம் எப்படிப்பா போடுவ?

இன்னொண்ணு. ஓடிட்டு வந்த குதிர சூட்டோட தண்ணி குடிச்சா வயித்தப் புடிச்சுக்கும். மிஷின் இருந்தா அது இஷ்டத்துக்குக் குடிக்குமே, யாரு தடுப்பாங்க?

துபாய்:

அய்யா சொன்னதைப் படித்ததும் எங்க லாயம் ஞாபகம் வந்தது. இங்கே எண்டியூரன்ஸ், அதாவது நெடுந்தூரப் பந்தயக் குதிரைகள், அறுபது ஸ்டால், எல்லாவற்றிலும் டிரிங்கர் உண்டு. ஆனால் ஓடி முடித்து வருகிற குதிரைக்கு நாங்கள் பக்கெட்டில்தான் வைக்கிறோம், எலக்ட்ரோலைட் கலந்து ஒன்று, வெறும் தண்ணீர் ஒன்று. டிரிங்கர் ராத்திரிக்கும் நடுப்பகலுக்கும்தான்.

கோயம்புத்தூர் வெயிலுக்கும் ஒன்று சொல்கிறேன். பைப்பைச் சுவர் மேல் வெயில் படுகிற மாதிரி போடாதீர்கள். ஜூலையில் இங்கே மதியம் குழாயைத் திறந்தால் முதலில் வருகிற தண்ணீரில் டீத்தூளை நேராகப் போடலாம். மண்ணுக்கு அடியில் இரண்டு அடி ஆழத்தில் கொண்டுபோங்கள், மேலே வருகிற இடத்துக்கு உறை சுற்றுங்கள், மேல்தொட்டிக்குக் கூரை போடுங்கள். வெளியே தெரியும் பிளாஸ்டிக் பைப்பை குதிரை கடித்தே தீரும், பொழுதுபோகாத குதிரை இன்னும் சீக்கிரம் கடிக்கும்.

அண்ணா, ஒரு கேள்வி. உங்களுக்குப் பிரச்சினை பக்கெட்டா, தூக்குவதா?

நாமக்கல், கால்நடை மருத்துவர்:

சைஸ் அய்யா சொன்ன விரக்கடைக் கணக்கு பல டாக்டர்களுக்கே தெரியாது. அதற்கு என் வணக்கம். ஆனால் ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வியர்த்த குதிரைக்குத்தான் தண்ணீர் அதிகம் வேண்டும். நடக்க வைத்துக்கொண்டே குடிக்க விடலாம், அதனால் வயிற்று வலி வராது. மறுத்தால்தான் ஆபத்து, ஏனென்றால் தாகம் தணிந்த மாதிரி ஆகி பிறகு போதுமான அளவு குடிக்காமலே இருந்துவிடும். அய்யா கோபித்துக்கொள்ளக் கூடாது.

அளவு: சும்மா நிற்கும் 400 கிலோ குதிரைக்கு 20 முதல் 25 லிட்டர். வெயிலும் வேலையும் சேர்ந்தால் இரட்டிப்பு. பால் கொடுக்கும் குதிரைக்கும் அப்படித்தான். குதிரை மசால் தீவனத்தைப் பச்சையாகத் தின்றால் தண்ணீர் குறையும், காய்ந்த புல் என்றால் கூடும். தீனி வைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள்தான் பெரும்பாலும் குடிக்கும்.

பவுலைப் பற்றி ஸ்வீடனில் ஒரு ஆய்வு உண்டு, 2001-ல் வெளிவந்தது. பக்கெட்டையும் தானியங்கி பவுலையும் ஒரே ஸ்டாலில் வைத்தபோது குதிரைகள் கிட்டத்தட்ட எல்லாத் தண்ணீரையும் பக்கெட்டிலேயே குடித்தன. காரணம் தேட வேண்டியதில்லை. குதிரை உதட்டை நீரில் முக்கி, நீளமாக உறிஞ்சிக் குடிக்கும். தகட்டை அழுத்தினால் நூல் மாதிரி வருகிற தண்ணீருக்கு அது காத்திருக்காது, சலித்துப் போய் விட்டுவிடும். "உஸ்" என்ற சத்தத்துக்கே விலகும் குதிரைகளும் உண்டு. தகட்டை அழுத்திக்கொண்டு பக்கெட்டைப் பிடித்து, வாட்ச் பார்த்து அளங்கள். நிமிஷத்துக்கு எட்டு லிட்டராவது வராவிட்டால் அந்தப் பவுல் குதிரைக்கு ஆகாது. உங்கள் மேல்தொட்டி எவ்வளவு உயரம்? பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். பன்னிரண்டு அடித் தொட்டிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. மச்சானிடம் பிரஷர் பம்ப் இருக்கும், அதனால் அங்கே வேலை செய்யும்.

இன்னொன்று, நீளமான பொதுத் தொட்டி கட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். தாடைக்கடியில் கட்டி வரும் ஸ்டிராங்கிள்ஸ் ஒரு குதிரைக்கு வந்தால் பொதுத் தண்ணீர் வழியாக லாயம் முழுக்கப் போகும். தனித் தனிப் பவுலோ பக்கெட்டோ இருந்தால் அந்த வழியையாவது அடைக்கலாம். புதிதாக வரும் குதிரையைத் தனியாகக் கட்டி, அதற்கென்று தனி பக்கெட் வையுங்கள்.

கிண்டி, பழைய சைஸ்:

டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா எங்க ட்ரெய்னர் கேட்டிருந்தா ஒத்துக்க மாட்டாரு. வெல்லத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்லலியே.

அன்னூர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. துபாய் தம்பி கேட்ட கேள்விதான் ராத்திரியெல்லாம் குடைந்தது.

முதலில் மச்சான் பவுல் இரண்டை இரவல் வாங்கி, தரோபிரெட் ஸ்டால்களில் மாட்டினேன். டாக்டர் சொன்னபடி வாட்ச் வைத்து அளந்தேன். நிமிஷத்துக்கு மூன்று லிட்டர்கூட வரவில்லை. எங்கள் தொட்டி பதினொரு அடி. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குறைந்த அழுத்தத்துக்கான மிதவை பவுல் இரண்டு வாங்கினேன். நெஞ்சு உயரத்தில், தீவனத் தொட்டிக்கு எதிர் மூலையில், கதவைத் திறக்காமலே உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்தோம். பக்கெட்டை எடுக்கவில்லை. கருப்பன் ஒரே நாளில் பழகிவிட்டான். இன்னொருத்தன் வாய் நிறையப் புல்லைக் கொண்டுவந்து பவுலில் முக்கி முக்கித் தின்கிறான். தினமும் காலையில் பச்சையாக ஒரு ரசம் தயாராக இருக்கிறது. பெரியவர் அதை வழித்துக் கழுவிக்கொண்டே என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே!

மற்ற ஏழு ஸ்டாலுக்கும் பவுல் இல்லை. நடைபாதை நெடுக ஒரு பைப் இழுத்து, இரண்டு ஸ்டாலுக்கு ஒரு குழாயாக வைத்து, துப்பாக்கி வடிவ முனை போட்ட ஓஸ் பைப் ஒன்றை மாட்டிவிட்டேன். பக்கெட் இருக்கிற இடத்திலேயே நிறைகிறது. மொத்தம் 6,400 ரூபாய். ராத்திரிக்கு ஒவ்வொரு ஸ்டாலிலும் இரண்டு பக்கெட், சுவரில் வளையம் அடித்து அதில் மாட்டி, உதைத்தால் கவிழாதபடி.

பெரியவருக்கு முதல் இரண்டு நாள் ஓஸ் பிடிக்கவில்லை. "தூக்குனாத்தான் கனம் தெரியும், கனம் தெரிஞ்சாத்தான் எவ்ளோ மிச்சம்னு தெரியும்" என்றார். கிண்டி அய்யாவின் விரக்கடையைச் சொன்னேன். மறுநாள் பார்த்தால் எல்லாப் பக்கெட்டிலும் உள்பக்கம் ஆணியால் கீறிக் கோடு போட்டிருக்கிறார். ஸ்டால் கதவில் சாக்பீஸில் குதிரைக்கு ஒரு வரிசை, வேளைக்கு ஒரு எண். நேற்று ராணி வரிசையில் எண்ணுக்குப் பதில் ஒரு வட்டம். கேட்டதற்கு, "தண்ணி கொறச்சலா குடிச்சிருக்கா, லத்தி பாத்துட்டேன், பரவால்ல, சாயங்காலம் மறுபடி பாக்கணும்" என்றார். சாயங்காலம் வெதுவெதுப்பாக்கி வெல்லம் போட்டு வைத்தோம். ஒரு பக்கெட் காலி. அய்யா, பதில் கிடைத்துவிட்டது.

மச்சானிடம் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. என்னைக் கேட்காமலே கடைக்காரரிடம் பேரம் பேசி மீதி ஏழு தகடு பவுலையும் எனக்காக வாங்கி வைத்திருக்கிறார். பிரஷர் பம்ப் வைத்திருக்கிற மாட்டுப் பண்ணைக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க, பெட்டிகூடப் பிரிக்கவில்லை.