ரொட்டிக் குவாஸ் வெண்டைக்காய்போல் நூல் விடுகிறது: எங்கே தவறு?

செம்பனையோரத்து அம்மா

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகன் ரஷ்யாவில், கூர்ஸ்க் நகரில் மருத்துவம் படித்துவிட்டு வந்திருக்கிறான். அங்கே கோடையில் மஞ்சள் பீப்பாய் வண்டியில் குவாஸ் விற்பார்களாம். காய்ந்த கறுப்பு ரொட்டியை ஊறவைத்துப் புளிக்கச் செய்த பானம். வந்து 5 மாதமாகியும் அவன் பேச்சில் அது ஓயவில்லை. மிஞ்சுகிற ரொட்டியைக் கோழிக்குப் போடுவானேன், செய்துதான் பார்ப்போமே என்று இறங்கினேன். இரண்டு முறையும் தோற்றேன்.

முதல் முறை பாக்கெட் ரொட்டி. 300 கிராம் ரொட்டியை வறுத்து, 150 கிராம் சீனி, ஒரு பிடி உலர்திராட்சை எல்லாம் போட்டு, மேலே 3 லிட்டர் கொதிநீர் ஊற்றி மூடினேன். 3 நாளாகியும் ஒரு குமிழ்கூட எழவில்லை.

பாக்கெட் ரொட்டியில் மருந்து கலந்திருக்கும், அதுதான் பொங்கவில்லை என்றார் பக்கத்து வீட்டு அக்கா. ஆகவே மோட்டார் சைக்கிள் ரொட்டிக்காரரிடம் பெங்காலி ரொட்டி என்ற வெள்ளை ரொட்டி வாங்கி, பழையதாகட்டும் என்று பிளாஸ்டிக் பையிலேயே 4 நாள் அலமாரியில் வைத்தேன். இந்த முறை நீரை ஆறவிட்ட பிறகே திராட்சையைப் போட்டேன். மறுநாள் குமிழ் வந்தது, மகிழ்ந்தேன். அகப்பையைத் தூக்கினால் வெண்டைக்காய்போல் ஒரு முழ நூல் தொங்குகிறது! கனிந்து அழுகிய முலாம்பழ வாடை வேறு. மாமியார் எட்டிப் பார்த்து, "தோட்டத்தில் மூடிய கள்ளுக்கடையை நீ வீட்டில் திறந்துவிட்டாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வடிகட்டிக் குடிக்கலாம் என்கிறான் மகன். குடிக்கலாமா?

லயத்துப் பையன்

மளிகைக்கடையில் ராகி என்ற புளிப்பு வில்லை கேட்டு வாங்குங்கள் அம்மா. அரை வில்லை பொடித்துத் தூவினால் பொங்கு பொங்கென்று பொங்கும்.

பீடோர் மருமகள்

தம்பி, ராகி வேண்டாம். அது தாப்பாய் என்ற புளித்த அரிசிப் பண்டம் செய்வதற்கானது. அதில் ஈஸ்டோடு பூஞ்சையும் இருக்கிறது. மாவுச்சத்தைச் சீனியாக்கி, அதைச் சாராயமாக்கும். அப்புறம் மாமியார் சொன்னது உண்மையாகிவிடும். ரொட்டி ஈஸ்ட்தான் வேண்டுமென்றால் கடையில் 'ஈபு ரோட்டி' என்று கேட்க வேண்டும். திருமணமான புதிதில் ராகி என்ற பெயரைப் பார்த்துக் கேழ்வரகு என்று நம்பி 4 வில்லை வாங்கி வந்து கூழ் காய்ச்சப் போனவள் நான்.

பழைய பேக்கரிக்காரன்

அம்மா, ஒன்று கேட்கிறேன். ஊறவைக்கும் முன் ரொட்டியைப் பிய்த்தபோது நடுப்பகுதி எப்படி இருந்தது?

செம்பனையோரத்து அம்மா

கொஞ்சம் ஈரமாக, பழுப்பாக, கையில் ஒட்டியது. மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டேன்.

பழைய பேக்கரிக்காரன்

அங்கேதான் கெட்டது. பானம் கெடவில்லை, ரொட்டி முன்பே கெட்டுவிட்டது. மாவில் பேசில்லஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கும். ரொட்டி வேகும்போது மேலோடு எவ்வளவு சிவந்தாலும் உள்ளே 100 பாகையைத் தாண்டாது. அந்தச் சூட்டில் இந்த வித்துகள் சாகமாட்டா. பிறகு வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் முளைத்து, ரொட்டியின் உள்ளே பசையாகி நூல் விடும். அழுகிய முலாம்பழ வாடைதான் இதன் அடையாளம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் பைக்குள் 4 நாள் என்றால் அதற்குத் தொட்டில் கட்டி ஆட்டியது போல. நீங்கள் கொதிநீர் ஊற்றியிருந்தாலும் பயனில்லை.

குடிக்காதீர்கள். வயிற்றைக் கெடுக்கக்கூடியது. முழுவதையும் கொட்டிவிட்டு, பாத்திரம், அலமாரி, ரொட்டி வெட்டிய கத்தி எல்லாவற்றையும் வினிகரால் துடையுங்கள். எங்கள் பேக்கரியில் ஒருமுறை இது புகுந்தபோது மேசைகளை எல்லாம் வினிகரால் கழுவிய பிறகுதான் விட்டது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன 'மருந்து' பெரும்பாலும் கால்சியம் புரோப்பியோனேட். அது பூஞ்சையையும் இந்த நூல் நோயையும்தான் தடுக்கும். ஈஸ்ட்டை அவ்வளவாகத் தொடாது. முதல் முறை நீங்கள் தோற்றது ரொட்டியால் அல்ல. கொதிநீரில் திராட்சையைப் போட்டதும் அதன் தோலில் இருந்த ஈஸ்ட் வெந்துவிட்டது. திராட்சை வெளிர் மஞ்சள் நிறம் என்றால் அதில் கந்தகப் புகையும் பட்டிருக்கும்; கறுப்புத் திராட்சையே நல்லது.

இனி ரொட்டியை வாங்கிய அன்றே மெல்லிய துண்டுகளாக வெட்டி, உடைத்தால் சடக்கென்று ஒடியும்வரை காயவைத்துவிடுங்கள். பழையது என்றால் காய்ந்தது என்று பொருள், புழுங்கியது என்றல்ல. ஊறவைத்த நீர் கைச்சூட்டுக்கு ஆறியதும் வடிகட்டி, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேருங்கள். புளிப்பு இருந்தால் பேசில்லஸ் தலைதூக்காது.

கூர்ஸ்க் பழைய மாணவி

அக்கா, உங்கள் மகனுக்கு நான் மூத்தவள், அதே நகரில் படித்தேன். அங்கே அது ரை என்ற தானிய மாவில் செய்த ரொட்டி. கறுப்பும் புளிப்பும் அதிலிருந்தே வருகிறது. பெங்காலி ரொட்டியில் அந்தச் சுவை வராது. துண்டுகளைக் கருகும் ஓரம்வரை வறுத்து, சீனியில் பாதிக்குக் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் போட்டால் நிறமாவது கிட்ட வரும். கருகவே விட்டால் கசக்கும்.

ரஷ்யக் குறிப்புகளில் உள்ள 2, 3 நாள் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். அது குளிர்ந்த ஊரின் கணக்கு. இங்கே ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டால் 12 மணி நேரத்தில் நுரைத்துவிடும். திராட்சை மட்டும் என்றால் ஒன்றிரண்டு நாள். நுரைத்ததும் பிளாஸ்டிக் போத்தலில் நாலு விரல் இடம்விட்டு ஊற்றுங்கள். கண்ணாடிப் போத்தல் வெடிக்கும். போத்தலை அமுக்கிப் பாருங்கள். கெட்டியானதும் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும்.

பீடோர் மருமகள்

இதில் போதை உண்டா? எங்கள் வீட்டில் விரதக்காரர்கள் இருக்கிறார்கள்.

கூர்ஸ்க் பழைய மாணவி

கொஞ்சம் உண்டு. கடைக் குவாஸ் 1.2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது ரஷ்யத் தர விதி. வீட்டில் சீனியைக் கூட்டி நாள்கணக்கில் வெளியே வைத்தால் அதையும் தாண்டும். விரதக்காரர்களுக்குச் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

செம்பனையோரத்து அம்மா

மூன்றாம் முறை நூல் இல்லை, வாடை இல்லை. நிறம் தேநீர்போல, புளிப்பு கொஞ்சம் தூக்கல். மாமியார் ஒரு மிடறு குடித்து, "நீராகாரத்தில் சீனி போட்டது போல இருக்கிறது" என்றார். ஆனால் கோப்பையைத் திருப்பித் தரவில்லை. அடியில் தங்கிய மண்டியில் அரைக் கோப்பை அடுத்த முறைக்காக எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு போத்தலை மட்டும் குளிர்பெட்டியில் வைக்க மறந்துவிட்டேன். இன்று காலை கல்லாக இருந்தது. மகன் மூடியைத் திருகினான். பாதி கூரைக்குப் போய்விட்டது. இப்போது நாற்காலியில் ஏறித் துடைத்துக்கொண்டிருக்கிறான்.