படிவப் புலங்களில் வரும் வெற்றிடங்களை எந்த அளவுக்கு நீக்குவது?

கேள்வி:
வணக்கம். பயிற்சி வகுப்புக்கான பதிவுப் படிவம் ஒன்றைப் பிஎச்பி நிரல்மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறேன். பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் ஆகிய எல்லாப் புலங்களையும் சர்வரில் டிரிம் செய்தே (அதாவது, முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை வெட்டியே) சேமிக்கிறேன். ஆயினும், வேறு ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டப்பட்ட சில பெயர்களின் இறுதியில் இடைவெளி அப்படியே நிற்பதால், தேடும்போது அவை அகப்படுவதில்லை. பெயர்ப் புலத்திற்கு, கட்டாயம் நிரப்ப வேண்டும் என்னும் ரிக்கொயர்டு பண்பைக் கொடுத்திருந்தும், பெயரே இல்லாத பதிவுகளும் சேர்ந்துவிட்டன. எங்கே தவறு?

மறுமொழி 1:
நீங்கள் காண்பது பெரும்பாலும் நோ-பிரேக் ஸ்பேஸ் என்னும் குறியீடாகவே இருக்கும். கண்ணுக்குச் சாதாரண இடைவெளி போலத் தெரிந்தாலும் அது வேறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டின் டிரிம் அதை நீக்கும், பிஎச்பியின் டிரிம் நீக்காது. பிஎச்பி 8.4இல் வந்த எம்பி_டிரிம்மைப் பயன்படுத்துங்கள். பழைய டிரிம்முக்கே அந்தக் குறியீட்டின் பைட்டுகளை (கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகுகளை) கொடுத்து ஒப்பேற்ற முயல வேண்டாம். அது பைட் பைட்டாக வெட்டுவதால், அதே பைட்டில் முடியும் வேறு எழுத்துகளும் சிதைந்துவிடும்.

ரிக்கொயர்டு பண்பு புலம் முற்றிலும் காலியா என்று மட்டுமே பார்க்கும். ஒரேயொரு இடைவெளியைத் தட்டினாலும் விட்டுவிடும். ஆகவே, சர்வரில் முதலில் வெட்டி, அதன் பிறகே காலியா என்று சோதியுங்கள்.

மறுமொழி 2:
கடவுச்சொல்லை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அதிலுள்ள இடைவெளி பயனர் தேர்ந்தெடுத்த எழுத்து. பிஎச்பிக்கான வலைக் கட்டமைப்பாகிய லாராவெல் எல்லா உள்ளீடுகளையும் தானாகவே வெட்டினாலும் கடவுச்சொல் புலங்களை விலக்கி வைப்பதும், பைத்தான் மொழிக்கான கட்டமைப்பாகிய ஜாங்கோவின் உள்நுழைவுப் படிவம் அதை வெட்டாமல் விடுவதும் இதனால்தான்.

மறுமொழி 3:
கண்ணுக்குத் தெரியாத எல்லாக் குறியீடுகளையும் ஒட்டுமொத்தமாக நீக்கும் நிரல்களையும் தவிர்க்க வேண்டுகிறேன். சிங்களத்தில் 'ஸ்ரீ' என்று எழுத, அகலமற்ற இணைப்புக் குறி உள்ளே இருந்தாக வேண்டும். தமிழிலும் க், ஷ இரண்டையும் 'க்ஷ' ஆகச் சேரவிடாமல் பிரித்துக் காட்ட, அகலமற்ற பிரிப்புக் குறி தேவைப்படுகிறது. இவற்றைத் துடைத்தெறிந்தால் ஒருவருடைய பெயரையே நாம் மாற்றி எழுதியவர்களாகிறோம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பெயர்ப் புலம் சரியாகிவிட்டது. ஆனால், இதுவரை வெட்டிய கடவுச்சொற்களுக்குத்தானே ஹாஷ் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சேமிக்கும், திருப்ப முடியாத மாற்று வடிவம்) சேமித்திருக்கிறேன்? இனி வெட்டாமல் விட்டால், இறுதியில் இடைவெளி வைத்திருந்தவர்கள் உள்ளே வர முடியாதே.

மறுமொழி 2:
உண்மை. உள்நுழையும்போது, தட்டியதை அப்படியே ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் மட்டும், பழைய டிரிம்மால் வெட்டி இன்னொரு முறை ஒப்பிடுங்கள். இரண்டாவது முறையில் பொருந்தினால், வெட்டாத வடிவத்திற்குப் புதிய ஹாஷ் உருவாக்கிச் சேமித்துவிடுங்கள்.