சாவுக்குச் சேர்த்த பணம்: கம்யூனிச ஆட்சி முடிந்த நாடுகளில் நாங்கள் பார்த்தது

மதுரையிலிருந்து, ஒரு மருத்துவர்:

1988 முதல் 1995 வரை மாஸ்கோவில் மருத்துவம் படித்தேன். எங்கள் விடுதி வாசலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை பாபுஷ்கா என்போம். அவர் எங்களை 'சினோக்' என்று கூப்பிடுவார். நம் ஊரில் பெரியவர்கள் 'ராசா' என்பார்களே, அந்த மாதிரி.

தன் சாவுச் செலவுக்கென்று அவர் அரசு சேமிப்பு வங்கியில் 3,000 ரூபிள் வைத்திருந்தார். அங்கே நிறைய முதியவர்கள் இப்படிச் சேர்ப்பார்கள், அந்தப் பணத்துக்குத் தனிப் பெயரே உண்டு. மெட்ரோ கட்டணம் 1961-லிருந்து முப்பது வருடம் 5 கோபெக்காகவே (நூறு கோபெக் ஒரு ரூபிள்) இருந்த ஊர் அது. பணத்தின் மதிப்பு கரையும் என்று அவர் ஏன் நினைக்கப்போகிறார்?

முதல் அடி 1991 ஜனவரி 22 ராத்திரி விழுந்தது. ஒன்பது மணி தொலைக்காட்சிச் செய்தியில், நள்ளிரவு முதல் 50, 100 ரூபிள் நோட்டுகள் செல்லாது, மாற்ற மூன்று நாள்தான் என்றார்கள். அந்த நேரத்தில் வங்கி ஏது, கடை ஏது? ஜனங்கள் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். பெரிய நோட்டைக் கொடுத்துத் தொலைதூரப் பயணச்சீட்டு வாங்கி, பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துச் சில்லறையாக வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. என்னிடமும் இரண்டு 50 ரூபிள் நோட்டு இருந்தது. நானும் ஓடினேன்.

அந்த டிசம்பரில் சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதவி விலகினார், செங்கொடி இறங்கியது. எங்கள் தெருக் கடையில் அப்போது கடற்பாசி டப்பாக்களைத் தவிர வேறெதுவும் இல்லை. 1992 ஜனவரி 2 அன்று ரஷ்ய அதிபர் யெல்ட்சினின் அரசு விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது. கொஞ்ச நாளில் சாசேஜ் வந்தது, பாலாடைக்கட்டி வந்தது. பாபுஷ்கா கண்ணாடிக்கு வெளியே நின்று விலையைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்த ஓராண்டில் விலைவாசி சுமார் 26 மடங்கு ஏறியது. வருடக் கடைசியில் ஒரு டாலர் 400 ரூபிளைத் தாண்டிவிட, அவருடைய 3,000 ரூபிளின் மதிப்பு ஏழு டாலர். சவப்பெட்டிக்குப் பலகை வாங்கக்கூடக் காணாது.

யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நின்று விற்கலாம் என்று அந்த ஜனவரி கடைசியில் ஆணை வந்தது. மெட்ரோ வாசல்களில் நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு கம்பளிச் சால்வை, ஒரு ஜோடி செருப்பு, இரண்டு பீங்கான் கோப்பை. ஆசிரியர்கள், பொறியாளர்கள், ஓய்வூதியக்காரர்கள். ஒருநாள் அந்த வரிசையில் பாபுஷ்காவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி அடுத்த வாசல் வழியாக இறங்கிப் போனேன். போய்ப் பேசியிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்கு உறுத்துகிறது.

சந்தையைத் திறந்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். காலிக் கடைகளையும் பார்த்தவன் நான். ஆனால் ஆயுள் முழுக்க உழைத்தவர்களின் சேமிப்புக்கு ஒரு வழி செய்யாமல் திறந்தார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து, இப்போது லைப்சிக்கில் வேலை:

டாக்டர் ஐயா எழுதியதைப் படித்ததும் என் பக்கத்து வீட்டு அம்மா ஞாபகம் வந்தது. லைப்சிக் அப்போது கிழக்கு ஜெர்மனியில் இருந்தது; இங்கே ஒரு பஞ்சாலையில் நூற்பு வேலை பார்த்தவர். என் அப்பாவும் மில் தொழிலாளி, அதனால் எங்களுக்குப் பேச விஷயம் நிறைய உண்டு. கம்யூனிச ஆட்சிக்கு எதிராக இங்கே நடந்த 1989 அக்டோபர் 9 ஊர்வலத்தில், அந்த எழுபதாயிரம் பேரில் இவரும் நடந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது இன்றும் நிமிர்ந்து உட்காருவார்.

1990 ஜூலை 1 அன்று மேற்கு ஜெர்மன் மார்க் வந்தது. பழைய கிழக்கு மார்க்குக்குப் பதிலாகச் சம்பளம் ஒன்றுக்கு ஒன்று. சேமிப்பில் வயதுவந்தவர் ஒருவருக்கு 4,000 மார்க் வரை ஒன்றுக்கு ஒன்று, அறுபது தாண்டியவருக்கு 6,000. இங்கே சேமிப்பு பிழைத்தது, வேலைதான் போயிற்று. ஆலைகள் ஒரே நாளில் மேற்கு நாட்டுப் பணத்தில் கூலி கொடுக்க வேண்டியதாகிவிட்டது. கிழக்கே சரக்கு வாங்கிக்கொண்டிருந்த நாடுகளிடம் அந்தப் பணம் இல்லை.

அந்த அம்மா ஒன்று சொன்னார். புதுப் பணம் கையில் வந்ததும் அவர் முதலில் வாங்கியது மேற்கத்திய சலவைத்தூள். தெருவில் எல்லாருமே அப்படித்தான், உள்ளூர்ச் சரக்கைத் தொடவில்லை. "அதைச் செய்கிற ஆலையில் என் சிநேகிதி வேலை பார்த்தாள். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை" என்றார். அப்புறம் அவருடைய ஆலையிலும் ஆள் குறைத்தார்கள். 44 வயதில் கணினி வகுப்புக்கு அனுப்பினார்கள், வேலை கிடைக்கவில்லை.

மறுபடி அந்த ஊர்வலம் நடந்தால் போவீர்களா என்று கேட்டேன். உடனே "போவேன்" என்றார்.

திருச்சியிலிருந்து, வார்சாவில் ஐந்து வருடம் இருந்தவர்:

போலந்தில் 'அதிர்ச்சி வைத்தியம்', அதாவது சந்தையை ஒரேயடியாகத் திறந்துவிடுவது, ரஷ்யாவுக்கு இரண்டு வருடம் முன்னாடியே, 1990 ஜனவரி 1 அன்று தொடங்கியது. நிதியமைச்சர் பால்செரோவிச்சின் திட்டம். என் சக ஊழியரின் அப்பா வேலையை விட்டுவிட்டு, தெருவில் மடக்குக் கட்டில் போட்டுத் துணி விற்றவர். பிறகு பெரிய விளையாட்டு அரங்கச் சந்தையில் கடை. மகனைப் பொறியியல் படிக்க வைத்ததும் அந்த வருமானம்தான். அதே குடும்பத்தில் சித்தப்பா அரசுப் பண்ணைக் கூலி. பண்ணையைக் கலைத்ததும் ஊரோடு முடங்கிப் போனாராம். டாக்டர், அந்தப் பாட்டியை அப்புறம் பார்த்தீர்களா?

மதுரை மருத்துவர்:

தினமும் பார்த்தேன் தம்பி. அந்த மெட்ரோ வாசல் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. 1992 அக்டோபரில், அரசு நிறுவனங்களில் பங்கு வாங்கிக்கொள்ள ஆளுக்கு ஒன்றாகத் தனியார்மயச் சீட்டு வந்தது, முகமதிப்பு 10,000 ரூபிள். இரண்டு வோல்கா கார் பெறும் என்றார் அமைச்சர் சுபைஸ். பாபுஷ்கா அதை மெட்ரோ அருகே ஒருவனிடம் விற்றுப் பேரனுக்கு பூட்ஸ் வாங்கினார்.

நகரத்துக்கு வெளியே அவருக்கு அறுநூறு சதுர மீட்டர் தோட்டம் இருந்தது. அந்த வருடங்களில் பல குடும்பங்களைக் காப்பாற்றியது அப்படிப்பட்ட தோட்டத்து உருளைக்கிழங்குதான். எங்களுக்கு ஊரிலிருந்து பணம் வராமல் போன மாதம் ஒரு மூட்டை கொண்டுவந்து வாசலில் வைத்தார். காசு நீட்டினோம், கையைத் தட்டிவிட்டார். மூன்று வாரம் அதைத்தான் உப்புப் போட்டு வேகவைத்துச் சாப்பிட்டோம்.